ஸ்டோன்ஃப்ளை: பெயரைத் தரும் முறை எது, இடத்தைத் தரும் முறை எது?

ஓடைநீரில் வளர்ந்து, பிறகு சிறகோடு கரையேறும் பூச்சி ஸ்டோன்ஃப்ளை. அதன் இனத்தைக் கண்டறிந்து, அது வாழும் ஓடைகளை வரைபடத்தில் குறிக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. செலவையும் நேரத்தையும் மட்டும் வைத்து அவற்றை ஒப்பிட்டால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும். பெயரை உறுதியாகச் சொல்லும் முறை இடத்தைச் சொல்வதில் சறுக்கும். இடத்தைத் துல்லியமாகக் காட்டும் முறை பெயரில் கோட்டை விடும். எந்த முறையையும் இந்த இரண்டு கேள்விகளோடுதான் எடைபோட வேண்டும்.

முதலில், கையில் இருப்பது ஸ்டோன்ஃப்ளைதானா? வாலை எண்ணி முடிவெடுக்காதீர்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு வால் இழை இரண்டு, அதேபோல நீரில் வளரும் இன்னொரு பூச்சியான மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று என்பது சரிதான். ஆனால் வால் ஒடியும். சில மேஃப்ளைகளுக்கு இயல்பிலேயே இரண்டுதான். கால் நுனியைப் பாருங்கள்: ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சிக்கு இரண்டு நகம், மேஃப்ளை இளம்பூச்சிக்கு ஒன்று. இதற்குப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸே போதும்.

இளம்பூச்சியா, வளர்ந்த பூச்சியா?

இடம் தெரிய வேண்டுமானால் இளம்பூச்சியை மிஞ்ச ஆளில்லை. 500 மைக்ரான் கண்ணளவுள்ள வலையை ஓடையின் போக்குக்குக் குறுக்கே பிடித்து, அதற்கு மேற்பக்கக் கற்களைக் காலால் கிளறினால் வந்து விழும். அந்தப் பூச்சி வளர்ந்தது அந்த ஓடையில்தான். புள்ளியைத் தயங்காமல் வைக்கலாம்.

பெயர்தான் சிக்கல். இனங்களைப் பிரிக்கும் உறுப்புகள் இளம்பூச்சியில் இன்னும் உருவாகியிருக்காது. வாயுறுப்பு, செவுள் இருக்கும் இடம், தலையின் நிறக்கோலம், கால் மயிர்வரிசை ஆகியவற்றைக் கொண்டு குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் போகலாம். பாதி கூட வளராதவை பல சமயம் குடும்பத்தோடு நின்றுவிடும். நிறக்கோலம் எத்தனாலில் மங்கும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் வைத்து மேலிருந்தும் அடியிலிருந்தும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பூச்சியில் நிலைமை தலைகீழ். ஆணின் வயிற்று நுனியில், பத்தாம் கண்டத்தை (உடல் வளையத்தை) ஒட்டிய கொக்கிகளும் தகடுகளும் இனத்துக்கு இனம் மாறுபடுகின்றன. பெண்ணில் எட்டாம் கண்டத்தின் அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் வடிவம் ஒரே இனத்துக்குள்ளேயே கொஞ்சம் அலைபாயும். பெண்ணை மட்டும் வைத்துப் புதிய இடப்பதிவை அறிவிப்பது துணிச்சல். நியோபெர்லா பேரினத்தில் ஆணின் வெளி உறுப்புகளும் போதாது, உள்ளிருக்கும் இனப்பெருக்கக் குழாயை வெளியே தள்ளிப் பார்த்தாக வேண்டும். வயிற்று நுனியை வெட்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுக்க ஊறவைத்துத் தண்ணீரில் அலசினால் தசை கரைந்து குழாய் தெரியும். கரைசலைச் சூடாக்கி அவசரப்படுத்தினால் மெல்லிய முள்வரிசைகள் சிதையலாம். அடையாளமே அவைதான். பெண்ணின் முட்டையோட்டில் உள்ள வரிகளும் இந்தப் பேரினத்தில் நல்ல சாட்சி.

வளர்ந்த பூச்சி தடுமாறுவது இடத்தில். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் விளக்குப் பொறி வைத்தால், வந்து விழுந்தது எந்த ஓடையின் பூச்சி என்று பொறி சொல்லாது. பெர்லிடே குடும்பத்தவை விளக்குக்கு நன்றாக வரும். குளிர்காலத்தில் பனிமீது நடமாடும் கேப்னிடே குடும்பத்துக்கோ விளக்குப் பொறியால் பயனில்லை. கரையோரக் கிளைகளைத் தட்டி, கீழே விரித்த துணியில் விழுபவற்றைப் பொறுக்குவது மெதுவான வேலை. ஆனால் ஸ்டோன்ஃப்ளைகள் பொதுவாகச் சோம்பேறித்தனமாகப் பறப்பவை, ஓடையை விட்டு அதிகம் விலகுவதில்லை என்பதால் அந்தப் புள்ளியை நம்பலாம். கரைக்கல்லில் ஒட்டியிருக்கும் உரித்த தோலும் அப்படித்தான்: பூச்சி அங்கேதான் கரையேறியது என்பதற்குச் சான்று, பெயருக்கு அரைகுறைச் சான்று.

இரண்டையும் ஒருசேரத் தருவது வளர்த்தெடுத்தல். சிறகு மொட்டு கறுத்த இளம்பூச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். அவை சில நாளிலேயே சிறகு விரிக்கும். வேட்டையாடும் இனங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், ஆகவே டப்பாவுக்கு ஒன்றுதான். தண்ணீர் ஓடையின் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், காற்று ஊத வேண்டும், ஏறிவர ஒரு குச்சி நீருக்கு மேலே நீட்டியிருக்க வேண்டும். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்து ஒரே இரவில் எல்லாம் செத்துவிடும். வெளிவந்த உடனே எத்தனாலில் போடுவது இன்னொரு பிழை. உடல் இறுகாத பூச்சியின் உறுப்புகள் சுருங்கி அடையாளம் கெடும். ஒரு நாள் பொறுத்து, உரித்த தோலையும் அதே குப்பியில் சேர்த்து வையுங்கள். எங்கள் கணக்கில் நேரம் இருப்பவர்களுக்கு முதல் தேர்வு இதுதான்.

டிஎன்ஏ: பூச்சியிலிருந்தா, தண்ணீரிலிருந்தா?

இளம்பூச்சியின் பெயர்ச் சிக்கலை பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறுகிய டிஎன்ஏ துண்டு, தீர்க்கிறது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வாழும் ஜபாடா கிளேசியர் என்ற ஸ்டோன்ஃப்ளை இனம் இதற்குப் பொருத்தமான உதாரணம். இதன் இளம்பூச்சியை அதே பேரினத்தின் மற்ற இனங்களிலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. அது எந்த ஓடைகளில் எஞ்சியிருக்கிறது என்பது டிஎன்ஏ மூலமே தெளிவானது. 2019-இல் அது, லெட்னியா டுமானா என்ற இன்னொரு ஸ்டோன்ஃப்ளையோடு சேர்த்து, அங்கே அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது.

செய்முறையில் ஒரு காலே போதும். மீதி உடலைச் சான்று மாதிரியாக வைத்திருங்கள். வயிற்றை எடுத்தால் அது தின்ற இரையின் டிஎன்ஏ கலந்துவிடும். 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் அதை மாற்றுங்கள். பூச்சியின் உடல்நீர் கலந்து செறிவு குறைந்திருக்கும். ஃபார்மலினில் கிடந்த மாதிரியை நம்பி ஆய்வகத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

பார்கோடுப் பகுதியின் நீளம் 658 டிஎன்ஏ எழுத்து. இனங்களைப் பிரிக்கும் எல்லையாகப் பலரும் கொள்ளும் 2% வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 13 எழுத்து. அந்த 2% இயற்கைச் சட்டமல்ல. அண்மையில் பிரிந்த இனங்களுக்கு அதைவிடக் குறைந்த வித்தியாசமே இருக்கும், ஒரே இனத்துக்குள் அதைவிட அதிகமும் இருக்கலாம். தரவுத்தளத்தில் உள்ள பெயரே தவறாக இருந்தால் உங்கள் பெயரும் தவறுதான். வளர்ந்த ஆண்பூச்சியை வைத்துப் பெயரிட்ட வரிசையோடு ஒப்பிட்டதா என்று பாருங்கள்.

நீரை வடிகட்டி டிஎன்ஏ தேடுவது வேறு கதை. பூச்சியைப் பிடிக்கவே வேண்டாம், ஆபத்தான பாறைச்சரிவில் இறங்கவும் வேண்டாம். ஆனால் ஓடும் நீர் டிஎன்ஏவைச் சில நூறு மீட்டரிலிருந்து பல கிலோமீட்டர் வரை இழுத்துச் செல்லும். கிடைத்த விடை ‘இங்கே’ என்பதல்ல, ‘இதற்கு மேலே எங்கோ’ என்பதுதான். கிளையோடைகள் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக எடுத்தால் தேடும் பரப்பு சுருங்கும். எல்லாப் பூச்சிகளையும் ஒரே சோதனையில் பிடிக்க முயல்வதைவிட, தேடும் ஓர் இனத்துக்கென வடிவமைத்த சோதனை நம்பகமானது. சுத்த நீரை வடிகட்டிய வெற்று மாதிரி ஒன்று ஒவ்வொரு நாளும் கட்டாயம். அதிலும் டிஎன்ஏ வந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை.

வரைபடத்தில்

கட்டக் கட்டமாக நிறமடிக்கும் முறை பழைய பதிவுகளுக்கு ஏற்றது. ‘பாலத்துக்கு அருகே’ என்று மட்டும் எழுதிய அருங்காட்சியகச் சீட்டுக்கு அதற்குமேல் துல்லியம் கிடையாது. ஆனால் ஒரே கட்டத்துக்குள் குளிர்ந்த ஊற்றோடையும் வெதுவெதுப்பான ஆறும் இருக்கலாம். புதிய பதிவுகளுக்கு ஓடைத்துண்டையே அலகாகக் கொள்வது மேல். தசம டிகிரியில் நான்கு இலக்கம் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர். மலைப்பள்ளத்தில் கைபேசியின் பிழை அதைவிட அதிகமாகவே இருக்கும். அந்தப் பிழையளவையும் அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள்.

இல்லாததையும் பதிவு செய்யாவிட்டால் வரைபடம் பாதிதான். ஒரு முறை போனால் கண்ணில்படும் வாய்ப்பு 0.4 என்று வையுங்கள். மூன்று முறை போனாலும் குறைந்தது ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு 0.78-தான், ஐந்து முறைக்கு 0.92. ஒரே தடவை போய் ‘இல்லை’ என்று எழுதியது பெரும்பாலும் ‘தெரியாது’ என்றே பொருள்படும்.

தட்பவெப்பத்தை வைத்துக் கணினி வரையும் பரவல் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். சாலையோர ஓடைகளில் மட்டும் தேடியிருந்தால் அது சாலையைத்தான் வரைந்து காட்டும். காற்றின் வெப்பநிலையைக் கொண்டு கணக்கிடுவதால் ஊற்று நீரின் குளிர்ச்சி அதற்குத் தெரியாது. அடுத்து எங்கே தேடுவது என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்துங்கள். இறுதி வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஆண்பூச்சியா, இளம்பூச்சியா, பார்கோடா, தண்ணீரா என்பது தெரியும்படி தனித்தனிக் குறி இடுங்கள். தண்ணீர் முடிவுகளைப் புள்ளியாக இல்லாமல், மேலோடை முழுவதையும் தழுவும் கோடாக வரையுங்கள்.