அதே கட்டளை, வேறு விளைவு: தொகுப்பு மேலாளர்கள் இயல்புநிலையை மாற்றும் விதம்

ஆம்பூரில் பிரியாணி சொன்னால் கத்தரிக்காய்ப் பச்சடி கேட்காமலே இலைக்கு வந்துவிடும். யாரும் அதைத் தனியாகச் சொல்வதில்லை. மென்பொருளில் இயல்புநிலை என்பது இதுதான்: நாம் எதுவும் சொல்லாதபோது கருவி தானே செய்வது. நிறுவத் தயாராகக் கட்டிவைத்த நிரலுக்குத் தொகுப்பு என்று பெயர்; அதை இறக்கி நிறுவித் தரும் கருவி தொகுப்பு மேலாளர். 2009இல் வெளிவந்த டெபியன் லென்னி என்ற லினக்ஸ் இயங்குதளப் பதிப்பு முதல், அதன் தொகுப்பு மேலாளரான ஆப்டின் ஆப்ட்-கெட் கட்டளை வழியாக ஒரு தொகுப்பை நிறுவினால் அது பரிந்துரைக்கும் துணைத் தொகுப்புகளும் கூடவே வருகின்றன. அதற்கு முன் வந்ததில்லை. கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்காமலே வரும் பங்கு மட்டும் மாறியது.

வேலூர் சத்துவாச்சாரியில் மூன்று பேர் சேர்ந்து சிறு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ராணிப்பேட்டை வாடிக்கையாளரின் கணினியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதியதை மாட்டி எல்லாவற்றையும் மறுபடி நிறுவினோம். எங்கள் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. நிறுவும் கருவி மட்டும் புதிய பதிப்பு. அது தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தது. காலணிப் பெட்டிகள் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளில் பேக்கிங் லிஸ்ட் அச்சாகவில்லை. அங்கிருந்த கணக்கர் இரவு பதினொரு மணி வரை அதைக் கையால் எழுதினார். அன்றிலிருந்து ஒரு கருவி எவ்வளவு வேகமானது என்பதைவிட, தன் இயல்புநிலையை அது எப்படி மாற்றுகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.

ஏறக்குறைய ஒரே காலத்தில் மாறிய இரண்டு தொகுப்பு மேலாளர்களிலிருந்து தொடங்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்.பி.எம். 7, 2020 அக்டோபரில் வந்தது. பைத்தான் மொழிக்கான பிப் 20.3 அதே ஆண்டு நவம்பர் 30 அன்று வந்தது. இரண்டும் தொட்டது ஒரே புண்ணை: ஒன்றுக்கொன்று ஒவ்வாத தொகுப்புகளை என்ன செய்வது?

ஒரு தொகுப்பு, ‘என்னோடு இன்னொன்றும் இருந்தாக வேண்டும்’ என்று சொல்லிவைக்கலாம். என்.பி.எம். 1, 2 பதிப்புகள் அந்த இன்னொன்றைத் தாமே நிறுவின. 2015இல் வந்த 3ஆம் பதிப்பு அதை நிறுத்திவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டியது. 7ஆம் பதிப்பு மறுபடி நிறுவத் தொடங்கியது. பதிப்புகள் மோதினால் வேலையையே நிறுத்தியது. முன்னும் பின்னுமாக ஊசலாடிய இந்தப் போக்கு எனக்கு வருத்தம் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 14ஆம் பதிப்புடன் என்.பி.எம். 6 வந்தது, நோட் 16உடன் 7 வந்தது. ஆகவே நோடை மட்டும் புதுப்பிக்க நினைத்தவர்கள் நிறுவும் முறையும் மாறியிருப்பதைப் பிழைச் செய்தியில்தான் அறிந்தார்கள். மாற்றத்தின் நோக்கம் நியாயமானது என்பதை மறுக்கவில்லை. அந்த எச்சரிக்கைகள் உண்மையான மோதல்கள். நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமல் கடந்து போனோம்.

பிப்பின் பழைய வழக்கம் இன்னும் மோசம். ஒரு தொகுப்புக்கு முதலில் கண்ணில் பட்ட நிபந்தனையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஒவ்வாத இரண்டை நிறுவிவிட்டு வெற்றி என்றும் சொல்லிவிடும். இதைத் திருத்தும் புதிய தீர்வி (எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் பகுதி) 2020 ஜூலையில் வந்த 20.2இலேயே விருப்பத் தேர்வாக இருந்தது. வேண்டியவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் அது இயல்புநிலை ஆனது. அப்போதும் பழைய முறைக்குத் திரும்ப ஒரு தேர்வு விட்டுவைத்திருந்தார்கள். புதிய தீர்விக்கும் ஒரு விலை உண்டு: பொருந்தும் பதிப்பைத் தேடி, ஒரே தொகுப்பின் பல பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கும். மின்வெட்டு நேரத்தில் கைபேசி இணைப்பில் வேலை செய்யும்போது அது சுமைதான். ஆனாலும் இந்த இரண்டில் என் ஓட்டு பிப்புக்கே. சொல்லிவிட்டு, காத்திருந்து, பிறகு மாற்றினார்கள்.

பிப்பைச் சுற்றி வந்த அடுத்த மாற்றம் இன்னும் பெரியது. 2023இல் லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு 23.04, டெபியன் 12 இரண்டும், இயங்குதளத்துக்குச் சொந்தமான பைத்தானுக்குள் பிப் எதையும் நிறுவக்கூடாது என்று தடுத்தன. எங்களிடம் பயிற்சிக்கு வந்த காட்பாடி மாணவர் ஒருவர் பதறிப்போய் வந்தார். “அண்ணா, பிப் கெட்டுப்போய்விட்டது. உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா?” திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஆப்ட் வழியாக நிறுவு, இல்லையென்றால் இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாத தனிச் சூழல் ஒன்றை உருவாக்கு, செயலி என்றால் அதைத் தனிச் சூழலில் நிறுவித் தரும் பிப்எக்ஸ் பயன்படுத்து என்று மூன்று வழியும் அங்கேயே எழுதியிருந்தது. பத்து நிமிடத்தில் தனிச் சூழலை உருவாக்கிவிட்டார்.

அந்தத் தடையை மீறும் தேர்வின் பெயரையும் பாருங்கள்: ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’. கணினியை உடைக்கிறேன் என்று தட்டச்சு செய்துதான் மீற முடியும். என்.பி.எம். 7இல் பழைய முறைக்குத் திரும்பும் தேர்வோ ‘லெகஸி-பியர்-டெப்ஸ்’. பெயரில் ஆபத்தின் வாடையே இல்லை. அமைப்புக் கோப்பில் ஒரு முறை எழுதிவிட்டு மறந்துபோவது எளிது. எங்கள் கைக்கு வந்த பழைய திட்டங்களில் அந்த வரியை அடிக்கடி பார்க்கிறேன். ஏன் எழுதினோம் என்று எழுதியவர்களுக்கே நினைவில்லை.

குரோமியம் என்ற இணைய உலாவி விஷயத்தில் உபுண்டு செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 19.10 முதல், ஆப்ட் வழியாகக் குரோமியம் கேட்டால் வருவது ஒரு வெற்று உறைதான். அது, உபுண்டுவின் இன்னொரு நிறுவல் அமைப்பான ஸ்னாப்பின் தொகுப்பை இழுத்து வந்து நிறுவும். 22.04இல் ஃபயர்ஃபாக்ஸும் அப்படியே ஆனது. ஒரே கட்டமைப்பை எல்லா வெளியீடுகளுக்கும் பராமரிப்பது எளிது என்று உபுண்டுவை வெளியிடும் கெனானிகல் நிறுவனம் காரணம் சொன்னது. பராமரிப்பவரின் சுமை எனக்கும் தெரியும். ஆனால் ஆப்ட் என்று தட்டச்சு செய்தவர் ஆப்டைத் தேர்ந்தெடுத்தவர். அவருக்கு, இயல்பாக ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு தேடும் வேறொரு அமைப்பு கிடைத்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2020இல் வந்த லினக்ஸ் மின்ட் 20, தன் ஆப்ட், ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டி-யை நிறுவாதபடி இயல்பாகவே தடுத்துவைத்தது. அந்தக் கோபம் சரியானது.

முன்னறிவிப்பு குறைந்த மாற்றம் எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. என்.பி.எம்.முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியின் 10ஆம் பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. சார்புத் தொகுப்புகளின் (நம் திட்டம் சார்ந்திருப்பவை) நிறுவல் ஸ்கிரிப்டுகளை (நிறுவும்போதே தானாக ஓடும் சிறு நிரல்கள்) இயல்பாக ஓட்டுவதை அது நிறுத்தியது. நிறுவும்போது சி மொழி நிரலைக் கம்பைல் செய்துகொள்ளும் சில தொகுப்புகள் அதனால் அரைகுறையாக நின்றன. எங்களுக்கும் அரை நாள் போனது. ஆனால் எந்தெந்த ஸ்கிரிப்டை விட்டுவிட்டேன் என்று அது பட்டியல் காட்டுகிறது. நாம் பார்த்து அனுமதிக்கலாம். 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் தொகுப்பைக் கைப்பற்றியவர்கள் நிறுவல் ஸ்கிரிப்ட் வழியாகத்தான் நஞ்சை ஏற்றினார்கள். 2025 செப்டம்பரில் என்.பி.எம். களஞ்சியத்தில் பரவிய ஷாய்-ஹுலுட் புழுவும் அதே வாசலில் நுழைந்தது. திறந்து கிடக்கும் வாசலை மூட யாரிடமும் தவணை கேட்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ரஸ்ட் மொழியின் தொகுப்பு மேலாளரான கார்கோ. அங்கே ஒவ்வொரு திட்டமும் தன் பதிப்பாண்டை, அதாவது எந்த ஆண்டின் விதிகளைப் பின்பற்றுகிறது என்பதை, தானே எழுதிவைக்கிறது: 2015, 2018, 2021, 2024. சார்புகளைத் தீர்க்கும் முறை 2021 பதிப்பாண்டில் மாறியது. 2025 பிப்ரவரியில் ரஸ்ட் 1.85உடன் வந்த 2024 பதிப்பாண்டில் மறுபடி மாறியது; இப்போது திட்டம் அறிவித்துள்ள ரஸ்ட் பதிப்புக்கு ஏற்ற தொகுப்புகளுக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் 2018 என்று எழுதிய திட்டத்தை இன்றைய கார்கோவில் ஓட்டினாலும் பழைய தீர்வு முறையே நடக்கும். கருவி புதிது, பழக்கம் திட்டத்தினுடையது. அந்த எண்ணை நாம் மாற்றும் நாளில்தான் இயல்புநிலை மாறும். ஒரு சிக்கல் உண்டு: பல தொகுப்புகளை ஒரே திட்டமாகச் சேர்த்த வொர்க்ஸ்பேசின் மேல் கோப்புறையில் தனக்கென்று தொகுப்பு எதுவும் இல்லையென்றால் அங்கே பதிப்பாண்டும் இல்லை, தீர்வியின் எண்ணைக் கையால் எழுத வேண்டும். கார்கோ எச்சரிக்கிறது, அதைப் படித்தால் போதும். கோ மொழியும் 1.21 முதல் இதே பக்கம் சாய்ந்திருக்கிறது: திட்டத்தின் கோ.மாட் கோப்பில் உள்ள பதிப்பு வரியைப் பார்த்துப் பல பழைய நடத்தைகளை அப்படியே வைத்திருக்கிறது.

அந்த ராணிப்பேட்டைத் திட்டத்தை ரஸ்டில் திரும்ப எழுத எங்களால் முடியாது. பிஎன்பிஎம் 10க்கு மாற்றினோம். திட்டக் கோப்பில் அதன் சரியான பதிப்பை எழுதிவிட்டால் அது தானே அந்தப் பதிப்புக்கு மாறிக்கொள்கிறது. அறிக்கை அச்சிடும் பைத்தான் பகுதி தனிச் சூழலில் இருக்கிறது, பிப்பின் எண்ணும் குறித்துவைத்ததுதான். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். கணக்கர் அதன் நகல் ஒன்றைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.