கண்மாய்க்கரை இலவசச் சுற்றுச்சூழல் சந்தை: டம்ளருக்கு முழு மதிப்பெண், மரக்கன்றுக்குப் பாதிதான்

மதுரை வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து நடத்திய சந்தை இது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கடை போட்டவர்களிடமும் வாடகை வாங்கவில்லை. ஆவணி ஞாயிறு, காலை 7 முதல் 11 மணி வரை. நேரத்தைச் சரியாக வைத்திருந்தார்கள். பதினொன்றுக்கு மேல் திறந்த மைதானத்தில் ஆளும் நிற்காது, கன்றும் தாங்காது.

இந்த மாதிரிச் சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிய, பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இங்கே அந்த இடம் அருமை. வாடகைப் பாத்திரக் கடையில் 300 எவர்சில்வர் டம்ளர் எடுத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் மைதானத்தில் இருந்தது 200 பேர் போல. ஒரு டம்ளர் கழுவப்பட்டு, நீர் வடிந்து, மறுபடி கைக்கு வர இருபது நிமிடம் ஆகிறது. ஆக, ஆள் கணக்கைப் போல ஒன்றரை மடங்கு டம்ளர் இருந்தால் தட்டுப்பாடு வராது. முதல் அண்டாவில் அலசல், இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர், பிறகு மூங்கில் தட்டியில் கவிழ்ப்பு. துணியால் துடைக்கவில்லை, அதுதான் சரி, ஒரு ஈரத்துணி எல்லா டம்ளரையும் நாற வைத்துவிடும். முதல் அண்டாத் தண்ணீரை நூறு டம்ளருக்கு ஒருமுறை மாற்றி, வேப்பமரத்தடியில் ஊற்றினார்கள். குடித்த டம்ளரைப் போடும் கூடை தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பத்தடி தள்ளி வைத்தால் டம்ளரெல்லாம் மதில் மேல் ஏறிவிடும், கடைக்காரரிடம் எண்ணிக் கொடுக்கும்போது குறைவுக்குக் காசு கட்ட வேண்டிவரும். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் 25 வாங்கி மண்பானைகளில் ஊற்றியிருந்தார்கள். ஆளுக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தால், வந்து போகிற 600 பேருக்கு அது போதும்.

சறுக்கியது பருத்திப்பால் கடையில். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது. டவரா எடுக்க மறந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குள் பக்கத்துக் கடையிலிருந்து பேப்பர் கப் வந்து இறங்கிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சுற்றுச்சூழல் சந்தையில் அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. டவராவுடன் 60 செட் தனியாக எடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. சூடான பண்டம் விற்கும் கடை இருக்கிறதா என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குப்பைத் தொட்டி ஏற்பாடு நன்று. பச்சை, நீலம், சிவப்பு மூன்றையும் எப்போதும் சேர்த்தே வைத்திருந்தார்கள். தனியாக ஒரு தொட்டி நின்றால் அதில் எல்லாமும் விழும், எத்தனை போர்டு எழுதி வைத்தாலும். இங்கே எழுத்துக்குப் பதில் கம்பில் பொருளையே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்: பச்சைக்கு வாழை இலைத் துண்டு, நீலத்துக்கு பிஸ்கட் கவர், சிவப்புக்குச் செத்த பேட்டரி செல். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தடுமாறாமல் போட்டார். நடத்த நினைக்கிறவர்களுக்கு ஒன்று: 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. சனிக்கிழமை போய் நிற்காமல் செவ்வாய்க்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டால் குப்பை வண்டி வரும் நேரத்தையும் பேசி முடித்துவிடலாம்.

சந்தையிலேயே சிறந்த கடை, வீட்டுக் கழிவில் உரம் தயாரிக்கக் காட்டிய கடைதான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மண்தொட்டி: ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. கெட்டதை மூடியைத் திறந்து முகரச் சொன்னார்கள். புளித்த நாற்றம், ஓரமெல்லாம் புழு. காய்கறிக் கழிவை மட்டும் கொட்டி, காய்ந்த சருகு போடாமல் விட்டதால் வந்த வினை. நல்லதில் ஒரு பங்கு கழிவுக்கு ஒன்றரைப் பங்கு சருகோ தென்னைநார்த் தூளோ, மேலே ஒரு கை பழைய உரம், நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறல். ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்தச் சொன்னார்கள். விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர். இதை வருகிறவர் கையாலேயே செய்ய வைத்ததுதான் அந்தக் கடையின் பலம். ஒரு நோட்டீஸும் கொடுக்கவில்லை, தேவையும் இல்லை.

மரக்கன்று கடை மனசை நோகடித்தது. தேர்வில் குறையில்லை, வேம்பு, புங்கன், இலுப்பை, மருது, கடம்பு என்று எல்லாம் நம் மண்ணுக்கு உரியவை. கடம்பவனம் என்றே பெயர் பெற்ற ஊரில் கடம்பங்கன்று கிடைப்பது சந்தோஷம். ஆனால் எங்கே நடப்போகிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மருதங்கன்றைக் கொண்டுபோய் என்ன செய்வார்? மருது ஓங்கி வளர்கிற ஆற்றங்கரை மரம், மின்கம்பிக்குக் கீழே வைத்தால் நாளைக்கு வெட்டத்தான் செய்வார்கள். பல பைகளில் அடியில் வேர் சுருண்டிருந்தது. அப்படி இருந்தால் பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நட வேண்டும். அதையும் சொல்லவில்லை. கறுப்புப் பையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னால் நாற்றங்காலுக்குப் போயிருக்கும், இப்போது கண்மாயில் கிடக்கப் போகிறது. மதுரைக்கு நிச்சயமான மழை ஐப்பசியில். சந்தை ஆவணியில் என்றால், கன்றுக்குச் சீட்டு மட்டும் கொடுத்து, இடம் பார்த்து, புரட்டாசிக் கடைசியில் கன்றைக் கொடுக்கலாம்.

விதைப்பந்துக்கும் இதே கதைதான். களிமண் ஐந்து, மக்கிய எரு மூன்று, விதை ஒன்று என்ற பங்கு சரி. உருட்டிய கையோடு பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்ததில் பூசணம் பிடிக்கும். நிழலில் காய வைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

மின்கழிவு கடையில் பழைய போன், சார்ஜர் நிறையச் சேர்ந்தன. சி.எஃப்.எல். பல்பைச் சாக்கில் போட்டது பெரிய தப்பு. உடைந்தால் பாதரசம் வெளியே வரும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். உப்பிய பேட்டரிக்கு மணல் வாளி தனியாக வேண்டும். சேர்த்ததை எந்த அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள் என்ற விவரம் கடையில் ஒட்டப்படவில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரிட்டாபட்டி பற்றிய படங்கள் ஒரு பந்தலில் இருந்தன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, சுமார் 193 ஹெக்டேர் பகுதி. மதுரையிலிருந்து அரை நாளில் போய்வரலாம் என்பதே அங்கு வந்த பலருக்குப் புதுச் செய்தி. கண்மாய்க்கரைப் பறவை நடைக்கு ஒரு வழிகாட்டியோடு நாற்பது பேரை அனுப்பியது அதிகம். முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை, ஆள் சத்தம் கேட்டதும் முங்கிவிடும், பின்வரிசைக்கு அலைதான் தெரியும். பதினைந்து பேர் என்றால் பார்க்கலாம்.

பேனர் துணியில் எழுதியிருந்தார்கள், பிளக்ஸ் ஒன்றுகூட இல்லை. தேதியையும் அதே துணியில் எழுதாமல் தனிப்பட்டையாகத் தைத்திருந்தால் அடுத்த வருஷமும் அதையே கட்டலாம்.

அடுத்த முறை போகிறவர்கள் மஞ்சப்பை, ஒரு டப்பா, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திப்பால் குடிக்க ஆசையென்றால், டவராவோடு டம்ளரும் வீட்டிலிருந்தே.