மண்ணெண்ணெய் பம்ப் இன்ஜினுக்கு கிராங்க் மாற்றி மூன்று போகம் ஓட்டிய அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம். 2024இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28தான் திறந்தார்கள். அதுவரை நாற்றங்காலைக் காப்பாற்ற, குளத்திலிருந்து நேரங்காலம் பார்க்காமல் இறைத்தோம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் சின்ன இன்ஜின் அது. ஜூலை நடுவில் ஒருநாள் அடியில் 'டக் டக்' என்று தட்டியது. நாலு பாத்தி பாய்ந்துவிடட்டும் என்று விட்டேன். பாயவில்லை. இன்ஜின் நின்றது, கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை.

"ஆயில் குச்சியில அளவு சரியாத்தான்ணே இருந்துச்சு" என்றேன். மெக்கானிக் அண்ணன் ஆயிலை வடித்து, இரண்டு விரலில் தேய்த்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "தம்பி, பாதி சீமெண்ணெய்." இன்ஜின் சூடாகும் முன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே உள்ள ஆயிலில் இறங்கிவிடும். அளவு குறையாமல் நிற்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே ஆயில் தண்ணீராகியிருக்கும். போதாததற்கு நான் குளத்துச் சரிவில் சாய்த்து வைத்து ஓட்டியிருக்கிறேன். இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்கையும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இணைக்கும் ராடின் அடியில் உள்ள சின்ன கரண்டிதான் ஆயிலை அள்ளித் தெளிக்கும். சாய்ந்தால் கரண்டிக்கு ஆயில் எட்டாது.

திறந்து பார்த்தால், அலுமினிய ராடு உருகி, கிராங்கில் ராடு மாட்டும் உருளையான கிராங்க் பின்னில் ஈயம் பூசினாற்போல ஒட்டியிருந்தது. காஸ்டிக் சோடாக் கரைசலைத் துணியில் தொட்டு வைத்தார். அலுமினியம் நுரைத்துக் கரைந்தது, இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கையுறை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பிறகு உப்புத்தாள் போட்டு, புது ராடு மாட்டினோம். என் அவசரத்துக்காகச் செய்த வேலை அது. அக்டோபரில் அதே சத்தம்.

இந்த முறை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்தார்கள். 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கிராங்க் பின், ஒரு பக்கம் 29.96, குறுக்கே பிடித்தால் 29.88. உருண்டையாகவே இல்லை. இதை முதலிலேயே அளந்திருந்தால் ஒரு ராடு மிச்சம். கிரைண்டிங் பிடிக்கலாம், ஆனால் அப்படிச் சிறுத்த பின்னுக்கேற்ற அண்டர்சைஸ் ராடு என் மாடலுக்குக் கிடைக்கவில்லை. வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறோம் என்றார்கள். பக்கத்து ஊர் உறவுக்காரர் ஒருவருக்கு அப்படிச் செய்த கிராங்க், பின்னும் அதைத் தாங்கும் பக்கத்துண்டான கன்னமும் சேரும் வளைவில் இரண்டாக முறிந்ததை நான் நேரில் பார்த்தவன். வேண்டாம் என்று கம்பெனி கிராங்கே வாங்கினேன். டூப்ளிகேட்டைப் போல இரண்டு மடங்கு விலை. கூடவே புது ராடு, இரண்டு பக்க பேரிங், ஆயில் சீல்.

மாட்டும்போது அண்ணன் அவசரப்படவில்லை. கிராங்க் பல்லில் உள்ள புள்ளியையும் வால்வை இயக்கும் கேம் பல்லின் புள்ளியையும் எனக்குக் காட்டிச் சேர்த்தார். பின்னில் ஆயில் தடவி, ராடு போல்டுகளை டார்க் ரெஞ்சில் மாற்றி மாற்றி முறுக்கினார். ஃப்ளைவீலை ஒரு விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. அந்தச் சுற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதன்பின் இரண்டு சம்பா, ஒரு குறுவை. என் நோட்டுக் கணக்கில் 340 மணி நேரம். தட்டல் துளியும் இல்லை. முதல் 20 மணியில் ஆயில் மாற்றினேன், இப்போது 50 மணிக்கு ஒருமுறை. கொள்வதே அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், அதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. மண்ணெண்ணெயை விட்டுவிட்டேன். பெட்ரோல் செலவு கையைக் கடிக்கத்தான் செய்கிறது. குளக்கரையில் மண் வெட்டி, பலகை போட்டு மட்டமாக ஒரு மேடை வைத்திருக்கிறேன். ஒரே குறை, பம்ப் பக்கத்து ஆயில் சீல் போன சம்பாவில் கசிந்தது. மாற்றியாயிற்று. இப்போது புகை லேசாக நீலம் அடிக்கிறது. அடுத்த குறுவைக்கு முன் ரிங் பார்க்க வேண்டும்.