வீட்டுக் கேபிள் டிவிக்கு ஆம்ப்ளிஃபயர்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டுக் கேபிள் டிவி வயரிங்கில் ஓர் ஆம்ப்ளிஃபயர் சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. வலுக்குறைந்த சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி இது; பலருக்கு பூஸ்டர் என்று சொன்னால்தான் தெரியும். இரண்டு தளம், நான்கு டிவி, அதில் ஒன்று லைன் உள்ளே வரும் இடத்திலிருந்து வெகு தூரம். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டெசிபல்?" என்பதுதான். சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அளவு அது. கூடுதலாக இருந்தால் படம் கூடுதலாகத் தெளியும் என்ற நம்பிக்கை. இத்தனை நாள் பயன்படுத்தியதில் நான் உறுதியாகச் சொல்வது இதற்கு நேர் எதிரானது: வயரிலும், ஒரு லைனைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் சிக்னல் எவ்வளவு தொலைகிறதோ அந்த அளவுக்கு ஈடு செய்தால் போதும். அதற்கு மேல் வாங்குவது தொல்லை.

தொலைவது எவ்வளவு என்று கணக்குப் போடுவது கடினமில்லை. இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபல் எடுத்துக்கொள்ளும். நான்கு வழி என்றால் 7 முதல் 7.5. எட்டு வழி என்றால் 11-ஐ ஒட்டி வரும். கேபிள் டிவிக்கு வழக்கமாகப் போடும் ஆர்.ஜி.6 வயர் 100 மீட்டருக்கு, உயர் அலைவரிசையில், ஏறக்குறைய 20 டெசிபல் தின்னும்; அதே வயர் 55 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபல்தான். நீளமான வயரின் கடைசியில் சில சேனல் பளிச்சென்று இருக்க, சில சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உடைகிற சேனல்கள் மேல் அலைவரிசையில் இருக்கும்.

லைன் கொடுப்பவர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டு நுழைவில் சுமார் 62 டெசிபல் மைக்ரோவோல்ட் (ஓர் இடத்தில் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற அளவு) இருந்தது. நான்கு வழி ஸ்ப்ளிட்டருக்கு 7.5, 25 மீட்டர் வயருக்கு 5, கடைசி அறையில் டிவிக்கும் இண்டர்நெட் மோடத்துக்கும் பிரிக்கும் இரண்டு வழி ஸ்ப்ளிட்டருக்கு 3.5. மொத்தம் 16. அந்த டிவிக்குப் போய்ச் சேர்வது 46. டிஜிட்டல் கேபிளுக்கு டிவி முனையில் 47-க்குக் குறையாமலும் 77-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. எங்களுக்கு எல்லைக்குக் கீழே ஒரு டெசிபல். அதனால்தான் பாதி நேரம் படம் நன்றாக ஓடும், பாதி நேரம் உறைந்து நிற்கும். டிஜிட்டலில் படிப்படியாக மங்குவது கிடையாது. எல்லையைத் தாண்டும்வரை அருமையாக இருந்துவிட்டு, சட்டென்று விழுந்துவிடும்.

இங்கே 15 டெசிபல் பெருக்கம் கொண்ட ஆம்ப்ளிஃபயர் போட்டால் அந்த டிவிக்கு 61 கிடைக்கிறது. தாராளம். 30 டெசிபல் பெட்டி போட்டிருந்தால்? தூரத்து டிவிக்கு 76, விளிம்பு. ஸ்ப்ளிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிவிக்கு 83-க்கும் மேல். அதன் ட்யூனர் (சேனலைப் பிரித்தெடுக்கும் பகுதி) திணறும். இது போதாதென்று, நிறைய சேனல்களை அவ்வளவு பெருக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து குப்பை உண்டாகும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் அதிகபட்ச வெளியீடு பெரும்பாலும் ஓரிரு சேனல்களை மட்டும் செலுத்தி அளந்தது. கேபிளில் வரும் அத்தனை சேனல்களோடு அந்த அளவுக்குப் போகவே கூடாது.

ஆம்ப்ளிஃபயரால் முடியாத ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வீண் செலவு மிச்சம். உள்ளே வரும் சிக்னலில் ஏற்கெனவே இரைச்சல் (வேண்டாத சிக்னல்) கலந்திருந்தால் அதுவும் சேர்ந்தே பெருகும். கலங்கிய தண்ணீரை மோட்டார் போட்டு வேகமாக இறைத்தாலும் கலங்கல் போகாது. ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் வயரை நேராக ஒரு செட்டாப் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் படம் உடைந்தால் கோளாறு வெளியே. லைன் கொடுப்பவர்தான் சரிசெய்ய வேண்டும். அங்கே சுத்தமாக இருந்து, அறைக்குள் மட்டும் உடைந்தால் தொடர்ந்து படிக்கலாம். செட்டாப் பாக்ஸ் மெனுவில் லெவல், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் காட்டுவது வழக்கம். லெவல் நிறைய இருந்தும் குவாலிட்டி குறைவாக இருந்தால் பூஸ்டர் எந்த உதவியும் செய்யாது.

இதே காரணத்தால்தான் பெட்டியை டிவிக்குப் பின்னால் வைக்கக் கூடாது. லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். சிக்னல் தெம்பாக இருக்கும்போதே பெருக்கி அனுப்பினால், அப்புறம் ஏற்படும் இழப்பைத் தாங்கும். 25 மீட்டர் ஓடித் தேய்ந்த பிறகு பெருக்கினால், ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலும் அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

நான் பெட்டியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை: ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு 4 டெசிபலை ஒட்டி இருந்தது, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருந்தது, மேல் அலைவரிசைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் சரிவுத் திருகும் இருந்தது. இந்த இரண்டாவது திருகை யாரும் கண்டுகொள்வதில்லை. நீளமான வயர் இருக்கும் வீட்டில் எனக்கு அதுதான் பெரிய உதவி. முதலில் பெருக்கத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து, கடைசி டிவியில் மேல் அலைவரிசைச் சேனல் ஒன்றைப் போட்டு, குவாலிட்டி நிலையாக நிற்கும்வரை மெதுவாகத் திருகினேன். அதற்குப் பிறகு கை வைக்கவே இல்லை. சாட்டிலைட் டிஷ்ஷுக்கான ஆம்ப்ளிஃபயரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்வது, கேபிளுக்கு ஆகாது.

கேபிள் வழியாகவே இண்டர்நெட் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மோடம் பேசுவது இரு திசையிலும். அது திருப்பி அனுப்பும் சிக்னல் 5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஊரின் முறையைப் பொறுத்து 42 அல்லது 65 வரையும், புதிய அமைப்புகளில் அதற்கு மேலும் போகும். அந்தத் திரும்பும் பாதை இல்லாத ஆம்ப்ளிஃபயரை நடுவில் போட்டால் டிவி ஓடும், இண்டர்நெட் நின்றுவிடும். எங்கள் பெட்டியில் அந்தப் பாதை இருப்பதால் கடைசி அறை மோடம் சிக்கலில்லாமல் ஓடுகிறது. இன்று புதிதாக வயரிங் செய்தால், நுழைவிலேயே ஓர் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் வைத்து, ஒரு கிளையை நேராக மோடத்துக்கும் மற்றதை ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுப்பேன். அதுதான் சுத்தமான வழி.

ஆம்ப்ளிஃபயர் மாட்டியதோடு முறுக்கி மாட்டும் பழைய கனெக்டர்களையெல்லாம் எடுத்துவிட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர் போட்டோம். இழப்பு கூடிய பழைய ஆர்.ஜி.59 வயர்த் துண்டு ஒன்று சுவருக்குள் ஓடியதையும் மாற்றினோம். உண்மையைச் சொன்னால், கிடைத்த நிம்மதியில் பாதி இந்த வேலையால் வந்தது. வெளியுறை வலைக்கம்பி சரியாகப் பிடிக்காத இடத்தில் செல்போன் சிக்னல் உள்ளே புகுந்துவிடும். பூஸ்டர் அதையும் பெருக்கிக் கொடுக்கும். ஸ்ப்ளிட்டரில் வயர் மாட்டாத வாய் இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் (வாயை அடைக்கும் சிறு மூடி) ஒன்றைத் திருகிவிடுங்கள். திறந்த வாயில் மோதித் திரும்பும் சிக்னல் மற்ற டிவிகளைக் கெடுக்கும்.

இத்தனை வருடத்தில் பெட்டி ஒருமுறைகூடப் படுக்கவில்லை. போனது அடாப்டர். அது பழுதாகத் தொடங்கியபோது, பெட்டி சூடேறியதும் எல்லா டிவியிலும் ஒரே சமயத்தில் படம் உடையும், ஆற விட்டால் சரியாகும். எல்லா டிவியிலும் ஒன்றாக வந்தால் அடாப்டரையும் நுழைவு வயரையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஒரே டிவியில் வந்தால் அந்த அறை வயரையும் கனெக்டரையும் பாருங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, முனையின் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பெட்டியை மூடிய அலமாரிக்குள்ளிருந்து எடுத்துக் காற்றுப் படும் சுவரில் மாட்டிய பின் சூடும் குறைந்தது.

கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரும் நின்றுவிடும். டிவி யூ.பி.எஸ்ஸில் இருந்தாலும் படம் வராது. சில வாட் மட்டுமே எடுக்கிற பெட்டி என்பதால் அதையும் அதே யூ.பி.எஸ்ஸில் சேர்த்துவிட்டேன்.