வேலையை விட்ட அப்பாவிடம் பிள்ளைச் செலவு கேட்க எந்தச் சட்டம் நல்லது?

நோட்டீஸ் கைக்கு வந்ததும் ஐடி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, "எனக்கு வருமானமே இல்லை" என்று கோர்ட்டில் நிற்பவர்கள் பெங்களூரில் உண்டு. அப்படிப்பட்டவரிடம் பிள்ளைக்கான தொகை கேட்க முக்கியமாக மூன்று வழிகள். என் சாய்வு பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144-வது பிரிவு பக்கம்தான். 2024 ஜூலைக்கு முன் இதுவே பழைய சட்டமான சிஆர்பிசியின் 125-வது பிரிவு.

இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் கேட்க, விவாகரத்து போன்ற ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும். அவர் பெயரில் ஃபிளாட், நிலம் இருந்தால் ஜப்தி செய்ய இது உதவும். தங்க இடமில்லை, அடிதடி என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் முதலில். வீட்டு வாடகையையும் அதிலேயே கேட்கலாம்.

144-க்கு விவாகரத்து வழக்கு தேவையில்லை. பெங்களூர் சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

தொகைக்கு அட்டவணை கிடையாது. சம்பாதிக்கும் திறனைத்தான் நீதிபதி பார்ப்பார்: படிப்பு, வயது, உடல்நிலை, கடைசிச் சம்பளம். 2022-ல் அஞ்சு கர்க் வழக்கில், தொழில் மூடிவிட்டது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மகனுக்கு மாதம் 6,000 ரூபாய் தருவதோடு மனைவிக்கும் மாதம் 10,000 கொடுக்கச் சொன்னது. நிஜமாகவே ஆட்குறைப்பில் வேலை போனவருக்கும் நோயாளிக்கும் தொகை குறையலாம். அம்மாவின் சம்பளமும் கணக்கில் வரும்.

ஜெயிப்பது ஆவணத்தில்தான். ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புப்படி (2020) இருவரும் சொத்து, வருமானம், கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். ரிலீவிங் லெட்டரின் தேதியை நோட்டீஸ் தேதியோடு ஒப்பிடுங்கள். பிஎஃப் பணம் கடைசியாக எந்த மாதம் கட்டப்பட்டது? வருமானமில்லாதவரின் பேங்க் ஸ்டேட்மென்டில் கார் இஎம்ஐ மாதாமாதம் போகிறதா? ஒரு வரி பொருந்தாவிட்டாலும் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வேன் கட்டணம், மருந்துச் சீட்டு எல்லாம் உங்கள் பக்கம் தயாராக இருக்கட்டும்.

இதையெல்லாம் விட முக்கியம் வசூல். சம்பளம் இல்லாதவரின் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. அங்கேதான் 144 கைகொடுக்கிறது. பாக்கி வைத்தால் வாரண்ட், அதற்கும் மசியாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. 1989-லேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்ட உத்தரவையும் அதன் விதிகள் இதே முறையில்தான் வசூலிக்கச் சொல்கின்றன.

பலர் கோட்டைவிடுவது கெடுவை. வாரண்ட் மனுவை, தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். "இந்த மாதம் கொடுத்துவிடுவார்" என்று காத்திருந்தால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். மூன்று மாத பாக்கி சேர்ந்ததுமே மனு போட்டுவிடுங்கள். இன்னொரு சட்டத்தில் ஏற்கெனவே உத்தரவு வாங்கியிருந்தால் அதையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.