செப்புத் தாளில் வரும் ஓரடுக்கு போரான் நைட்ரைடு: காந்தச் சந்திக்கு உதவுமா?

போரானும் நைட்ரஜனும் அறுகோண வலையாகப் பின்னிய மின்கடத்தாப் பொருளான அறுகோண போரான் நைட்ரைடை ஓர் அணு தடிமனுக்குச் செப்புத் தாளின் மேல் வளர்த்து விற்கும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஒன்றிடம் எங்கள் ஆய்வகம் வாங்கிய தாளைக் காந்தச் சுரங்கச் சந்தியின் தடுப்படுக்காகப் பயன்படுத்திப் பார்த்தோம். கிராஃபீனுக்கு (ஓரணுத் தடிமனுள்ள கரிமப் படலத்துக்கு) அடித்தளமாக இதைத் தேடுவோருக்கு இம்மதிப்புரையில் பாதிதான் பொருந்தும்.

இப்பொருள் யாரோடு போட்டியிடுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மிக மெல்லிய மின்கடத்தாப் பொருளைத் தடுப்படுக்காக வைத்ததே காந்தச் சுரங்கச் சந்தி. அவ்விரு காந்தப் படலங்களும் ஒரே திசையில் காந்தமேறியிருக்கின்றனவா, எதிரெதிராகவா என்பதற்கேற்ப அதனை ஊடுருவும் மின்னோட்டம் மாறும். 1995-இல் அலுமினியம் ஆக்சைடைக் கொண்டு இயற்பியலாளர்கள் மூடேராவும் மியாசாகியும் அறை வெப்பநிலையில் காட்டிய இந்த மின்தடை மாற்றம் (காந்தமின்தடை) இருபது விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மெக்னீசியம் ஆக்சைடு வந்தபின் 2004-இல் அது இருநூறை ஒட்டி உயர்ந்து, 2008-இல் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 604 விழுக்காட்டைத் தொட்டது. தரவைக் காந்தத் திசையாகச் சேமிக்கும் எம்ரேம் நினைவகச் சில்லுகளில் பல இன்று அந்த ஆக்சைடை நம்பியே இயங்குகின்றன.

அப்படியிருக்க போரான் நைட்ரைடு எதற்கு? ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலத்தில் ஓரிடத்தில் ஓர் அணு அடுக்கு கூடினாலோ குறைந்தாலோ மின்தடை பல மடங்கு மாறிவிடும். போரான் நைட்ரைட்டிலோ அடுக்கின் தடிமனை, அதாவது 0.33 நானோமீட்டரை, இயற்கையே வரையறுத்துவிடுகிறது. அதன் அணிக்கோவை இடைவெளியும், அதாவது அணுக்கள் வரிசையாக அமையும் இடைவெளியும், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றின் பரப்போடு ஏறக்குறைய அச்சாகப் பொருந்துகிறது.

இனித் தாளுக்கு வருவோம். வெறும் கண்ணுக்கு இது சாதாரணச் செப்புத் தாள்தான். ஓரத்தில் சிறு துண்டை வெட்டி, காற்றில் 200 டிகிரி அளவில் சில நிமிடம் சூடுதட்டில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்: படலம் மூடிய இடம் செம்பின் பளபளப்போடு அப்படியே இருக்க, ஓட்டை உள்ள இடமெல்லாம் கருஞ்சிவப்பாகும். எங்கள் துண்டின் பெரும்பரப்பு பளபளப்பாகவே நின்றது. உருட்டாலை விட்ட கோடுகளின் வழியே மட்டும் புள்ளிகள் தோன்றின. இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் ‘முழுவதும் ஓரடுக்கு’ என்ற விளம்பரத்தை ஏற்க இயலவில்லை. நுண்ணோக்கியில் ஆங்காங்கே முக்கோண வடிவில் இரண்டாம் அடுக்குத் தீவுகள் தெரிந்தன. உடன் வந்த ராமன் நிறமாலைச் சான்றிதழோ (லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு படலத்தை அடையாளங்காணும் அளவீடு) வேறொரு துண்டில் எடுக்கப்பட்டது. தடுப்படுக்காகப் பயன்படுத்துபவருக்கு இது சிறு குறையன்று. ஏனெனில் ஓரடுக்கை நாடுவதற்கே சீரான மின்தடைதான் காரணம்.

பெரிய சிக்கல் தாளிலன்று, அதிலிருந்து படலத்தைப் பெயர்த்தெடுக்கும் வழியில் உள்ளது. மேலே பாலிமர் பூசி, அமோனியம் பெர்சல்ஃபேட் கரைசலில் செம்பைக் கரைத்து, நீரில் அலசி, மிதக்கும் படலத்தைக் கோபால்ட்டின் மேல் ஏந்தியெடுக்க வேண்டும். அந்த நீரும் காற்றும் கோபால்ட்டின் மேற்பரப்பை ஆக்சைடாக்கிவிடும்; பாலிமர் எச்சத்தையும் முழுதாக நீக்க முடியாது. நாம் அளப்பது போரான் நைட்ரைடையா, அடியிலுள்ள ஆக்சைடையா என்ற ஐயம் கடைசிவரை தீராது. எங்கள் சந்திகளில் காந்தமின்தடை இரைச்சலைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

இது பொருளின் இயல்பான எல்லையன்று. பெயர்த்தெடுக்காமல் காந்த உலோகத்தின் மேல் நேரடியாகவே இப்படலத்தை வளர்த்த பிரெஞ்சு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் இரும்பின் மேல் 6 விழுக்காட்டையும், இரு ஆண்டுகள் கழித்துக் கோபால்ட், நிக்கல் ஆகியவற்றின் மேல் வளர்த்து 50 விழுக்காடு வரையும் பெற்றனர். மெக்னீசியம் ஆக்சைடுக்கு அருகில்கூட இது வராது என்றாலும், உலோகமும் படலமும் தொடும் இடைமுகம் தூய்மையாக இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆகவே பெயர்த்தெடுக்கும் முறையைப் பயிலும் மாணவர்களுக்கும், காந்தப் படலத்தைக் காற்றிலிருந்து காக்கும் உறையைத் தேடுவோருக்கும் இத்தாளைப் பரிந்துரைப்பேன். சந்தி செய்வோருக்கு மாட்டேன். அப்படியும் வாங்குவதானால், அனுப்பப்போகும் அதே துண்டின் ராமன் அளவீட்டையும் இரண்டாம் அடுக்கின் பரப்பு விகிதத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; செம்புக்குப் பதில் கோபால்ட் படலத்தின் மேல் வளர்த்து, வெற்றிட உறையில் தருவார்களா என்றும் விசாரியுங்கள். நாங்கள் கேட்டதற்கு இன்னும் விலைப்புள்ளி வரவில்லை.