பெயர் அதே, இடம் வேறு: விண்டோஸ் 11-இல் கோப்புகளோடு இரண்டரை ஆண்டுகள்

சிறு பதிப்பகங்களுக்கும் விழா மலர்களுக்கும் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்வது என் தொழில். 2011 முதல் சேர்ந்த கட்டுரைகள், படங்கள், அச்சுக்குப் போன இறுதிப் படிகள், போகாமல் நின்ற படிகள் எல்லாம் ஒரு பழைய மேசைக் கணினியில் இருந்தன. அதில் விண்டோஸ் 10 குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால், கடைசி நேரத்தில் அச்சு வேலைக்கு நடுவே அல்லாட வேண்டாம் என்று 2023-இன் நடுவிலேயே புதிய மடிக்கணினிக்கு மாறிக்கொண்டேன். இந்த இரண்டரை ஆண்டுகளில், பொத்தான்கள் இடம் மாறியது இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. ஒரு கோப்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்யத்தான் ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

முதல் தடங்கல் கோப்புகளை நகலெடுக்கும்போதே வந்தது. பழைய கணினியிலிருந்து வெளிவன்தட்டுக்கும், அதிலிருந்து புதிய கணினிக்கும் நகலெடுத்தபோது, பாதை மிக நீளமாக இருப்பதாகச் சொல்லிச் சில கோப்புகள் மட்டும் மறுத்து நின்றன. டிரைவின் எழுத்தில் தொடங்கி, கோப்புறை, அதனுள் கோப்புறை என்று போய்க் கோப்பின் பெயரில் முடிவதே பாதை. அது 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்ற பழைய எல்லை விண்டோஸில் இன்னும் இயல்பமைப்பாகத் தொடர்கிறது. தமிழில் பெயர் வைப்பவர்கள் இந்த எல்லையை மற்றவர்களைவிட விரைவில் தொட்டுவிடுகிறோம். ‘தொகுப்பு’ என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி. ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி தனிக் குறி, அகரம் ஏறியவை தவிர, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் கொம்போ காலோ தனிக் குறி. ‘பழைய கணினி’ என்ற கோப்புறைக்குள் ‘அதற்கும் முந்தைய கணினி’ என்ற கோப்புறை, அதற்குள் ‘பார்த்துப் பிரிக்க வேண்டியவை’ என்று அடுக்கிக்கொண்டே போயிருந்த எனக்கு, அந்த அடுக்குகளின் விலை அன்றுதான் தெரிந்தது.

நீண்ட பாதைகளை அனுமதிக்கும் ஓர் அமைப்பு 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் அதை ஏற்கும்படி எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு மட்டுமே அதனால் பயன். ஆகவே விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருவதும் கட்டளைச் சாளரத்தில் இயங்குவதுமான ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினேன். அது நீண்ட பாதைகளுக்கு அஞ்சுவதில்லை. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எவை வந்தன, எவை வரவில்லை என்று இறுதியில் கணக்கும் கொடுக்கிறது. கோப்புறைகளின் பழைய தேதியைக் காப்பதற்கு அதில் தனியாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். முதல் முறை அதை நான் சேர்க்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளின் கோப்புறைகள் அத்தனையும் ஒரே செவ்வாய்க்கிழமை மாலையில் பிறந்தவை போல வரிசையாக நின்றன. அழித்துவிட்டு இரண்டாம் முறை நகலெடுத்தேன்.

சாதாரணமாக நகலெடுத்தால் கோப்புகளுக்கும் இதுபோல ஒன்று நேர்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி அப்படியே இருக்கும். உருவாக்கப்பட்ட தேதி மட்டும் நகலெடுத்த நாளாக மாறிவிடும். 2014-இல் திருத்தி முடித்த ஒரு கட்டுரை 2023-இல்தான் உருவாயிற்று என்று கணினி முகம் மாறாமல் சொல்லும். அன்று முதல், தேதி முக்கியமான கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைப் பெயரின் முன்னால் எழுதிவிடுகிறேன். யார் நகலெடுத்தாலும் பெயர் மாறுவதில்லை.

இதைவிட விசித்திரமான ஒன்றைச் சில வாரங்கள் கழித்துக் கண்டேன். ஒரு மலருக்கான கோப்புறைக்குள் ‘கோயில்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பதுதான் கணினியைத் தொட்ட முதல் நாள் கற்ற பாடம். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கூடுதல் இடைவெளியும் இல்லை. பிறகு எஃப்2 விசையை அழுத்திப் பெயருக்குள் நுழைந்து, ‘கோ’வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை ஒரு முறை அழுத்தினேன். ஒன்றில் ‘க’ மட்டும் எஞ்சியது. மற்றொன்றில் ‘கே’ எஞ்சியது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு விதிப்படி இரண்டும் நிகரானவைதாம். ஆனால் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை அவற்றை நிகர் என்று எடுத்துக்கொள்வதில்லை. அதைப் பொறுத்தவரை அவை இரு வேறு பெயர்கள். ஒன்று நான் தட்டச்சு செய்தது; மற்றது, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் ஏதோ ஒரு கருவியின் வழியாக, ஒரு கட்டுரையாளர் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டி அனுப்பிய பொதிக்குள் வந்தது. ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் வருகிற எந்தப் பெயருக்கும் இது நேரலாம். இது விண்டோஸ் 11-இன் புதுமை அன்று. பழைய கணினியிலும் இருந்திருக்கும். மாறும்போது எல்லாவற்றையும் திறந்து பார்த்ததால் கண்ணில் பட்டது.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறைதான். பழைய கணினியில் அது சி டிரைவில், என் பெயரிலுள்ள கோப்புறைக்குள் இருந்தது. புதிய கணினியை அமைத்த அன்று வந்த திரைகளை அவசரமாகக் கடந்தபோது, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேகச் சேமிப்பில், அதாவது இணையவழியே கோப்புகளை வைத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் சேவையில், காத்துவைக்க நான் இசைந்திருக்கிறேன். அதன் பிறகு அந்த மூன்றும் மேகச் சேமிப்புக்கென்று கணினியில் உள்ள கோப்புறைக்குள் போய்விட்டன. இடப்பக்கப் பட்டியலில் பெயர் மாறவில்லை, படமும் மாறவில்லை. முகவரி மட்டும் மாறியிருந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருள் படங்களை உள்ளே வைத்துக்கொள்ளாமல் அவற்றின் பாதையை மட்டும் நினைவில் வைத்திருப்பது. பழைய மலர் ஒன்றைத் திறந்ததும் நாற்பது படங்கள் காணவில்லை என்று அது அறிவித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது.

விளங்கத் தொடங்கியதே தவிர முழுதாக விளங்கவில்லை. மடிக்கணினியில் இடம் குறைந்துகொண்டே வந்த ஒரு நாள், எல்லாம்தான் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றனவே என்று நினைத்து, முடிந்துபோன நான்கு மலர்களின் கோப்புறைகளைக் கணினியிலிருந்து அழித்தேன். இரண்டு வாரம் கழித்து, நான் பேருந்தில் இருக்கும்போது மூத்த கட்டுரையாளர் ஒருவர் அழைத்தார். “தம்பி, போன வருஷ மலருக்கு நான் கொடுத்தேனே, அந்தக் கல்வெட்டுக் கட்டுரையைக் கொஞ்சம் அனுப்பி வையுங்களேன்” என்றார். இதோ அனுப்புகிறேன் ஐயா என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் மேகச் சேமிப்பைத் திறந்தால், அந்தக் கோப்புறையே இல்லை. அங்கே இருப்பது தனிப் படி அன்று. கணினியில் இருப்பதன் மறுபக்கம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழிந்தவை அந்தச் சேவையின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் அத்தனையும் மீண்டன. நான் செய்திருக்க வேண்டியது வேறு: ரைட் கிளிக் செய்து, இடத்தை விடுவிக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்திருந்தால், கோப்பின் பெயர் மட்டும் கணினியில் நிற்க, உள்ளடக்கம் மேகத்தில் இருந்திருக்கும். பெயருக்குப் பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால் கோப்பு கணினியில் இல்லை. பச்சைக் குறி இருந்தால் உண்டு. பிழை முழுக்க என்னுடையதுதான். அந்தக் குறிகளை மாதக்கணக்கில் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு தொழில் கோப்புகளை அந்த மூன்று கோப்புறைகளிலிருந்தும் வெளியே எடுத்து, டி டிரைவில் ‘பணி’ என்ற ஒரே கோப்புறைக்குள் வைத்தேன். பெயர் சிறியது, பாதையின் நீளமும் குறைந்தது. மேகத்தில் இப்போது இருப்பவை நடப்பு வேலைகள் மட்டுமே. கட்டணமில்லாமல் கிடைக்கும் ஐந்து ஜிபிக்கு அதுவே போதும். ஐயம் வரும்போதெல்லாம் கோப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் முழுப் பாதையும் நகலாகிறது. எங்காவது ஒட்டிப் பார்த்தால் கோப்பு இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. விண்டோஸ் 11-இல் நான் மிக அதிகமாகப் பயன்படுத்தும் விசைச் சேர்க்கை இதுதான்.

எல்லோரும் முதலில் குறைசொல்லும் தோற்ற மாற்றங்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. ரைட் கிளிக் பட்டியல் சுருங்கிவிட்டது. வெட்டுதல், நகலெடுத்தல், பெயர் மாற்றுதல் ஆகியவை வெறும் சின்னங்களாயின. அவற்றின் கீழ் பெயர்களும் தெரியும்படி 2024-இன் 24எச்2 பதிப்பில் மாற்றினார்கள். ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பழைய நீண்ட பட்டியல் நேராகவே வருகிறது. வரிகளுக்கிடையே இருந்த அகன்ற இடைவெளியை ‘காம்பேக்ட் வியூ’ குறைத்துவிட்டது. தாவல்களை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும். 2022 அக்டோபரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு வந்த இந்த வசதியால், படங்கள், மெய்ப்புகள், இறுதிப் படிகள் மூன்றும் ஒரே சாளரத்தில் திறந்திருக்கின்றன. முன்பு ஏழெட்டுச் சாளரங்களுக்கு நடுவே தவறான சாளரத்தில் கோப்பைப் போட்டுவிட்டுத் தேடுவது என் அன்றாட வழக்கம். ஆர்ஏஆர், 7இசட் பொதிகள் 2023 முதல் வேறு மென்பொருள் இல்லாமலே பிரிகின்றன என்பதும் நல்ல செய்தி.

தேடலில், கோப்புகளை டி டிரைவுக்கு மாற்றியதன் விளைவு ஒன்று உண்டு. விண்டோஸின் இயல்பான தேடல் பயனரின் கோப்புறைகளுக்கும் டெஸ்க்டாப்புக்கும் மட்டுமே முன்கூட்டி அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. ‘பணி’யில் தேடியபோது பச்சைக் கோடு மெல்ல நகர்ந்ததற்கு அதுவே காரணம். அமைப்புகளில் அந்தக் கோப்புறையை அட்டவணையில் சேர்த்த பிறகு முடிவுகள் உடனே வருகின்றன. ஆனால் எந்தத் தேடலாலும் எட்ட முடியாதவையாக என்னிடம் சில நூறு கோப்புகள் இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகள் அவை. அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. ‘கல்வெட்டு’ என்று தேடினால் கல்வெட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய கோப்பும் வாய் திறக்காது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்க்க எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஆசிரியர் பெயரையும் பொருளையும் யூனிகோடில் கோப்பின் பெயராகவாவது எழுதிவருகிறேன்.

காப்புப் படிக்கு இரண்டு வெளிவன்தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் விண்டோஸின் காப்புப் படி வசதியான ‘ஃபைல் ஹிஸ்டரி’ இயங்குகிறது. அது இப்போது புதிய அமைப்புப் பக்கங்களில் இல்லை, பழைய கண்ட்ரோல் பேனலுக்குள் போய்த்தான் தொடங்கிவைக்க வேண்டும். மற்றொன்றில் மாதம் ஒருமுறை ரோபோகாப்பி வழியாக ‘பணி’ முழுவதையும் எடுத்து, கழற்றி, அலமாரியில் வைத்துவிடுகிறேன். கோப்புறைத் தேதிகளுக்கான சொல்லை இப்போது மறப்பதில்லை. சென்ற மாதம் அதே மூத்த கட்டுரையாளரிடமிருந்து புதிய பொதி ஒன்று வந்தது. பிரித்து ‘பணி’க்குள் போட்டதும் மீண்டும் இரண்டு ‘கோயில்’கள். அவர் அனுப்பியதன் பெயரில் ‘கோ’வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை அழுத்தினேன், ‘கே’ வந்தது. பெயரை அழித்து நானே தட்டச்சு செய்தேன். இரண்டையும் இணைக்கட்டுமா என்று கணினி கேட்டது.